வரிசை முடியும் வரை

டீனாவுக்கு ஏழு மோடும் தண்ணீர் பட்ட பாடு. நாகராஜ் மாஸ்டர் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அவள் விரல்கள் கிட்டாரின் தடித்த கம்பியில் கிளம்பி, மெல்லிய கம்பிவரை ஏறி, ஒரு சுரம் பிசகாமல் கிளம்பிய இடத்துக்கே இறங்கி வந்துவிடும். மோடு என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரே ஸ்கேலின் ஏழு சுரங்களில் எதை முதல் படியாக வைத்து ஏறுகிறோமோ, அதற்கு ஒரு பெயர். டோரியன், ஃப்ரிஜியன், லிடியன் என்று. படிக்கட்டு ஒன்று, வாசல் ஏழு. அவள் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள்.

அடையாறில், பஸ் டெப்போவுக்கு எதிர்ச் சந்தில், ஒரு மருந்துக்கடை மாடியில் நடக்கிற மாலை வகுப்பு அது. வேலை முடிந்து வருகிறவர்கள்தான் மாணவர்கள். டீனா நந்தனத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறவள். பில்லில் ஒரு உருண்டை பஞ்சு கூடுதலாக இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதே கண்ணோடுதான் கிட்டாரையும் பிடித்தாள். வகுப்பு முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அன்றைக்கு எது வந்தது, எது வரவில்லை என்று எழுதிவிடுவாள். 'வரவில்லை' என்பதன் கீழே மாதக்கணக்காக ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: சொந்தமாக வாசிப்பது.

"சூப்பர்," என்றார் நாகராஜ். முப்பதைத் தாண்டாதவர். கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிறவர். "இப்ப நான் கார்டு பிடிக்கறேன். நீ மேல எதனா வாசி."

"எந்த மோடு மாஸ்டர்?"

"எந்த மோடும் வேணாம். எதனா."

"எதனான்னா, எங்க ஆரம்பிக்கட்டும்?"

"உனக்கு எங்க தோணுதோ அங்க."

அங்கேதான் சிக்கல். டீனாவுக்கு எங்கேயும் தோணவில்லை. டோரியனை மேலே ஏற்றிக் கீழே இறக்கினாள். பிறகு கொஞ்சம் வேகமாக ஏற்றி இறக்கினாள்.

"மச்சி, லிஃப்ட் மாதிரி போய்க்கினு வந்துக்கினு கீற," என்றாள் பக்கத்து ஸ்டூலில் இருந்த இஃப்ரா. "நடுவுல எந்த ஃப்ளோர்லயாவது இறங்கேன்."

வகுப்பே சிரித்தது. டீனாவும் சிரித்துவைத்தாள். இஃப்ராமேல் கோபப்பட முடியாது. கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர் அவள். மோடுகளின் பெயரை இன்னும் மாற்றி மாற்றித்தான் சொல்வாள். ஆனால் நாகராஜ் சில சுரங்களைச் சேர்த்து அடித்துக் கார்டு பிடித்ததும் மூன்றே சுரத்தை வைத்துக்கொண்டு என்னவோ சொல்லிவிடுவாள். கேட்டால் யாரையோ ஓட்டுகிற மாதிரி இருக்கும். சிலருக்குக் காதுக்குள்ளே ஏதோ ஒரு உறுப்பு கூடுதலாக இருக்கிறது, தனக்கு அது வைக்கப்படவில்லை என்று டீனா முடிவு கட்டியிருந்தாள்.

அவள் அந்த முடிவோடு நிம்மதியாக இருந்திருக்கலாம், அல்போன்சா டீச்சர் மட்டும் பெங்களூருக்குக் கிளம்பாமல் இருந்திருந்தால்.

மயிலாப்பூரின் கிழக்கு ஓரத்தில், கடல் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறிப்போன ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோவில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அல்போன்சா டீச்சர் கீபோர்டு வாசிப்பார், டீனா பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரில் கார்டு போடுவாள். டீனாவுக்குக் குரல் கிடையாது. பள்ளியில் படிக்கும்போது பாடகர் குழுவில் சேர்ந்தவளை, "நீ வாயை மட்டும் அசைம்மா போதும்" என்று நைசாகச் சொல்லிக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். வருஷக்கணக்காக வாயை அசைத்துக்கொண்டு நின்றாள். கிட்டார் வந்த பிறகுதான் அந்தக் கூட்டத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள்.

டீச்சருக்கு மகளின் பிரசவம். போனால் அடுத்த ஈஸ்டருக்குத்தான் வருவார். பாட்டுகளுக்குக் கிட்டார் ஒன்றே போதும், சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நற்கருணை நேரம். சனங்கள் வரிசையாக வந்து ஃபாதர் கையிலிருந்து நன்மை என்கிற அப்பத்தை வாங்கும்போது குழு ஒரு பாட்டுப் பாடும். பாட்டு முடிந்துவிடும், வரிசை முடியாது. கடைசி ஆள் வாங்கி, மிச்சத்தை ஃபாதர் பேழையில் வைத்துப் பூட்டி, கிண்ணத்தைத் துடைத்து, தன் நாற்காலியில் போய் உட்காரும்வரை மெல்லிசாக ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குழுவில் அதற்குப் பெயர் 'கேப்'. சில நாள் அது ஒரு பெருமூச்சு நீளம். சில நாள் ஒரு சீரியல் நீளம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் அதை நிரப்புவார்.

குழுவை நடத்துகிற ஆரோக்கியநாதன் அங்கிள் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் மாற்று ஏற்பாடு இல்லாமல் இருக்கமாட்டார். புதன்கிழமை ஒத்திகைக்கு ஒரு பென் டிரைவோடு வந்தார்.

"வருஷம் பூராவுக்கும் இதுல ட்ராக் இருக்கு. கேப்புக்குப் புல்லாங்குழல்கூட இருக்கு. கீபோர்டுல சொருகிப் பட்டனைத் தட்டினா போதும், யாரையும் நம்பி உட்கார வேணாம்."

"கேப்புக்கு மட்டுமா அங்கிள்?" என்று டீனா கேட்டாள்.

"பாட்டுக்கும் சேர்த்துதான்மா. பாட்டு கிட்டார்ல, கேப்பு ட்ராக்குலன்னா ரெண்டுக்கும் சுருதி ஒட்டாது. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னாடி திருவருகைக் காலம் ஆரம்பிக்கறப்ப மொத்தமா மாத்திடலாம்னு பார்க்கறேன். நீ பாடறவங்களோட நின்னுக்க."

பாடறவங்களோட. வாயை அசைக்கிற இடத்தில். டீனா யோசித்துப் பேசுகிறவள். அன்று யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. "கேப்பை நான் வாசிக்கறேன் அங்கிள்."

"சொந்தமாவா?"

"ஆமா அங்கிள்."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சரி. டீச்சர் போனதும் முதல் ஞாயிறு வாசி. நல்லா வந்தா பென் டிரைவைப் பத்தி நான் வாயே திறக்கல."

டீச்சர் கிளம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. மற்றவர்களாக இருந்தால் அந்த வாரங்களில் வாசித்துப் பழகியிருப்பார்கள். டீனா கேப்பை அளந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டு முடிந்த நொடியில் மடியில் இருந்த செல்போனைத் தட்டி, ஃபாதர் உட்கார்ந்ததும் நிறுத்தினாள். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தாள். அந்தச் சராசரிக்குக் கச்சிதமாக ஒரு வாசிப்பை எழுதினாள். பாட்டு டி மைனரில் இருப்பதால் டி சுரத்தில் ஆரம்பம். முதலில் டோரியன், நடுவில் கொஞ்சம் ஏயோலியன், முடிவில் திரும்ப டோரியன். எந்தச் சுரத்தில் இழுக்க வேண்டும், எங்கே தயங்குகிற மாதிரி நிறுத்த வேண்டும் என்பது உட்பட எழுதி மனப்பாடம் செய்தாள். மனதுக்குத் தோன்றியதை வாசிக்கிறவள் எப்படி வாசிப்பாளோ, அப்படியே வாசிக்கப் பழகினாள்.

அந்த ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஃபாதரோடு கான்வென்ட் சிஸ்டர் ஒருவரும் நின்று நன்மை கொடுப்பார்; இரண்டு வரிசை நகரும். அன்று சிஸ்டர் தியானத்துக்குப் போயிருந்தார். ஒரே வரிசை, அதுவும் வாசல்வரை.

பாட்டு முடிந்தது. டீனா ஆரம்பித்தாள். நன்றாகவே வந்தது. தயங்க வேண்டிய இடத்தில் தயங்கினாள், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தாள். கடைசிச் சுரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், வரிசை பாதிகூடக் கரையவில்லை.

அவளிடம் வேறு எதுவும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து அதையே வாசித்தாள். அதே தயக்கம், அதே இழுப்பு. பாடுகிறவர்களில் யாரோ மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் முறையும் முடிந்தது. வரிசை இருந்தது. மூன்றாம் முறை தயங்குகிற இடம் வந்தபோது அவளுக்கே வெட்கமாகிவிட்டது. தயங்கினவள் தயங்கினபடியே நின்றுவிட்டாள்.

கோவிலில் சத்தமே இல்லை. "கிறிஸ்துவின் திருவுடல்," "ஆமென்," "கிறிஸ்துவின் திருவுடல்," "ஆமென்" என்று ஃபாதர் அங்கியில் குத்தியிருந்த மைக்கில் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். அது ஒன்றும் கெட்ட அமைதி இல்லை. வயதானவர்கள் சிலர் அதை விரும்பியும் இருப்பார்கள். டீனாவுக்கு மட்டும் அது முதுகில் வெயில் அடிக்கிற மாதிரி இருந்தது. பிறகு ஆரோக்கியநாதன் அங்கிள் எட்டிப் பட்டனைத் தட்டினார். புல்லாங்குழல் வந்தது. அதன் பின்னாலேயே கூப்பிடாத தபேலா ஒன்றும் வந்தது.

பூசை முடிந்ததும் அவர் திட்டவில்லை. "பரவால்ல விடு. எல்லாருக்கும் எல்லாம் வராது," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

செவ்வாய்க்கிழமை டீனா வழக்கம்போலக் கிட்டாரோடு வகுப்புக்குப் போனாலும், போனதே இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வரத்தான். நாகராஜ் முழுக்கதையையும் கேட்டார். சராசரி எடுத்த இடம் வந்தபோது இஃப்ரா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சிரிக்கணும்னா சிரிச்சுடு," என்றாள் டீனா.

"இல்ல மச்சி, நான் பிசிக்ஸ் டீச்சர். நீ ரீடிங் எடுத்ததை நினைச்சா எனக்குப் பெருமையா கீது."

நாகராஜ் சிரிக்கவில்லை. "அந்த டோரியனை வாசி," என்று சொல்லி, தன் கிட்டாரில் சி கார்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். டீனா டியிலிருந்து டிவரை ஏறி இறங்கினாள்.

"இப்ப இன்னா வாசிச்ச?"

"டோரியன்."

"இல்ல. சி மேஜர். ரெண்டாவது படியில ஆரம்பிச்சுக்கினா அது டோரியன் ஆயிடுமா? நான் கீழ சி பிடிச்சுக்கினு இருக்கற வரைக்கும் நீ எங்க ஆரம்பிச்சாலும் அது சிதான். நீ எந்தப் படியில ஏர்றன்றது மேட்டரே இல்லமா. கீழ எது கேட்டுக்கினு இருக்கு, அதான் மேட்டர்." அவர் கார்டை நிறுத்தினார். "கோவில்ல கீழ இன்னா கேட்டுச்சு?"

டீனா யோசித்தாள். "ஒண்ணும் கேட்கல. நான் தனியாத்தான் வாசிச்சேன்."

"தரையே இல்லாம படிக்கட்டு கட்டியிருக்க. மயிலாப்பூர்லேர்ந்துதானே வர? சபா பக்கம் போனதே இல்லியா? பாடறவங்களுக்குப் பின்னால தம்புரா ஒண்ணு ஙொய்னு ஓடிக்கினே இருக்கும்ல, அது சும்மா அழகுக்கா?"

நாகராஜ் அவள் கிட்டாரை வாங்கி, தடித்த கம்பியின் சாவியைத் திருகி, ஈயில் இருந்ததை டிக்கு இறக்கிக் கொடுத்தார். "கட்டைவிரல் இதை விடக்கூடாது. அது பாட்டுக்கு அடிச்சுக்கினே இருக்கட்டும். மேல ஒரு சுரம் மட்டும் வாசி. ஆறாவது. பிளாட் பண்ணு, அரை சுரம் இறக்கு."

கீழே டி கனமாக அதிர்ந்துகொண்டிருக்க, மேலே பி பிளாட். மழைக்கு முந்தின வானம் மாதிரி அமுக்கமாக இருந்தது.

"இப்ப ஒரு ஃப்ரெட் முன்னால போ."

பி. ஒரு விரல் அகலம்தான் நகர்ந்தாள். அறையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. டீனா மறுபடியும் பின்னால் போனாள். முன்னால் வந்தாள். பின்னால் போனாள்.

"இதுதான் ஏயோலியன். அது டோரியன்," என்றார் நாகராஜ். "பக்கத்து வீட்டுப் பாட்டு கிளாஸ்ல அதையே கரகரப்பிரியான்னுவாங்க. பேர் எப்படி வேணா இருக்கட்டும். கேட்டுச்சா இல்லியா?"

கேட்டது. ஒரு வருஷமாகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரின் முகத்தை அன்றுதான் பார்த்தாள். 'வரமாட்டேன்' என்று சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே இறங்கிப் போனாள்.

கேட்டதே தவிர, கேப்பு அப்படியேதான் இருந்தது. சுரம் கிடைத்துவிட்டது, நீளத்துக்கு என்ன செய்வது? சனிக்கிழமை மீர்சாகிப்பேட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற இஃப்ராவின் வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் புலம்பினாள்.

"எவ்ளோ நேரம்னு தெரியாம எப்படி இஃப்ரா வாசிக்கறது? நீளமா எழுதி வெச்சா வரிசை சீக்கிரம் முடிஞ்சுடும். சின்னதா எழுதினா இழுத்துக்கிட்டே போகும்."

இஃப்ரா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "என் கிளாஸ்ல பெல் எப்ப அடிக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா ஃபயர் டிரில்லு, எவனோ மினிஸ்டர் வரான், கரஸ்பாண்டன்ட் ரவுண்ட்ஸுன்னு திடீர் திடீர்னு அடிப்பாங்க. முதல் வருஷம் பாதி வாக்கியத்துல நிப்பேன். பசங்க பையைத் தூக்கிக்கினு ஓடிடும். அப்புறம் இன்னா கத்துக்கினேன் தெரியுமா? நீளமா பேசக் கத்துக்கல. எந்த இடத்துல இருந்தாலும் ஒரே வாக்கியத்துல முடிக்கக் கத்துக்கினேன். முடிக்கத் தெரிஞ்சுட்டா எவ்ளோ நேரம்னாலும் பயமில்ல மச்சி."

டீனா கட்டைவிரலால் டியைத் தட்டிக்கொண்டே அதை யோசித்தாள்.

"நான் எப்ப சொல்றனோ அப்ப நீ டிக்கு வந்து உட்காரணும்," என்றாள் இஃப்ரா. "ஆனா நான் சொன்னா உனக்கு என் மூஞ்சியைப் பார்த்தே தெரிஞ்சுடும்." சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அம்மி, குக்கர்ல இன்னா கீது?"

"கறிதான். ஏன், பசிக்குதா?" என்று இஃப்ராவின் அம்மா ஜைதூன் பீயின் குரல் வந்தது.

"விசில் வரப்ப அடுப்பை நிறுத்தாதீங்க. ஒவ்வொரு விசிலுக்கும் டீனா முடிக்கணும்."

"யா அல்லா, அந்தப் பொண்ணு ஏன் முடிக்கணும்? கறி நான்தானே வேகவெக்கறேன்."

அப்படித்தான் பயிற்சி தொடங்கியது. குக்கருக்கு எந்தச் சராசரியும் கிடையாது. முதல் விசில் வர யுகம் ஆகும். இரண்டாவது அதன் காலைப் பிடித்துக்கொண்டே வரும். டீனா தாழ்ந்த டியின் மேலே டோரியனில் நடந்துகொண்டிருப்பாள், விசில் கத்தும், அவள் பதறிப்போய் எங்கிருந்தாலும் அங்கிருந்து டிக்குத் தாவுவாள்.

"குதிக்காத," என்றாள் இஃப்ரா. "பெல் அடிச்சா நான் மேஜையிலேர்ந்து குதிக்கறனா? இருக்கற இடத்துலேர்ந்து நடந்து வா."

நடந்து வரக் கற்றுக்கொண்டாள். ஈயில் இருந்தால் ஒரு அடி இறங்கினால் போதும். சியில் இருந்தால் ஒரு அடி ஏறினால் போதும். ஏயில் இருந்தால் அவசரமே இல்லை, அங்கேயே சற்று நின்று மூச்சு விட்டுவிட்டு வரலாம். எல்லாச் சுரத்திலிருந்தும் வீட்டுக்கு வழி இருந்தது. சிலது குறுக்குச் சந்து, சிலது சுற்றுவழி. வழி தெரிந்த பிறகுதான் ஒரு விஷயம் நடந்தது. அவள் விசிலைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போய்விடலாம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் போய்ப் பார்த்தாள். ஒரு இடத்தில் இரண்டு சுரத்தைத் திருப்பித் திருப்பி வாசித்து, தனக்கே வேடிக்கையாக இருந்ததால் மூன்றாம் முறையும் வாசித்தாள்.

"மாஷா அல்லா, லிஃப்டுலேர்ந்து இறங்கிட்டா," என்றாள் இஃப்ரா.

ஜைதூன் பீ கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். "இது நல்லா கீதும்மா. முன்னால வாசிச்சியே, அது யாரையோ தேடிக்கினு போற மாதிரி இருந்துச்சு." பிறகு, "கறி குழைஞ்சுபோச்சு. நீ இருந்து சாப்டுட்டுத்தான் போகணும்," என்றார். டீனா வரும் சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் பருப்பும் கறியும் கொஞ்சம் கூடுதலாகவே வெந்தன.

திருவருகைக் காலத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தபோது டீனா ஒத்திகைக்கு முன்னாலேயே போய் ஆரோக்கியநாதன் அங்கிளிடம் நின்றாள். கேட்க வேண்டியதை வரும் வழியெல்லாம் மனதில் எழுதிப் பார்த்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு வரிதான் நினைவிருந்தது.

"இன்னொரு தடவை வாசிக்கறேன் அங்கிள்."

"புதுசா எழுதிட்டியா?"

"இல்ல. இந்தத் தடவை எழுதல."

எழுதாதது நல்லதா கெட்டதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "ஞாயிறு வேணாம். சனி சாயங்காலப் பூசையில வாசி, கூட்டம் கம்மி. ஆனா பென் டிரைவைச் சொருகித்தான் வெப்பேன். என் விரல் பட்டன் மேலதான் இருக்கும். நீ நின்ன அடுத்த நொடி தட்டிடுவேன். தப்பா நினைச்சுக்காத."

"தப்பா நினைக்கல அங்கிள்."

சனிக்கிழமை சாயங்காலம் பாதிப் பெஞ்சுகள் காலியாக இருந்தன. அவர் சொன்னபடியே செய்தார். நற்கருணைப் பாட்டின் கடைசி அடி முடிந்ததும் அவருடைய ஆள்காட்டி விரல் கீபோர்டின் பட்டனுக்கு மேலே வந்து நின்றது. டீனாவுக்கு அது ஓரக்கண்ணில் தெரிந்தது.

எங்கே ஆரம்பிப்பது? ஒரு கணம் மனம் வெறும் சுவராக இருந்தது. கட்டைவிரல் மட்டும் பழக்கத்தில் டியைத் தட்டியது. டி அதிர்ந்தது. அது அடங்குவதற்குள் மறுபடி தட்டினாள். பாடியவர்கள் கடைசியாக விட்டுப்போன மூன்று சுரங்கள் காதில் இன்னும் இருந்தன. அதையே மெதுவாக வாசித்தாள். அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி அதன் வாலை மட்டும் மேலே திருப்பினாள். அதற்கு அடுத்தது எது என்று அவள் தேடவில்லை. முந்தினது அதைக் கேட்டது.

வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு அம்மா, அவ்வளவுதான். டீனா ஈக்கு வந்து, அங்கிருந்து டிக்கு இறங்கத் தயாரானாள். ஆனால் ஃபாதர் பீடத்துக்குத் திரும்பவில்லை. படியிறங்கி, கிண்ணத்தோடு நடுப்பாதையில் நடக்க ஆரம்பித்தார். கோவிலின் கடைசிப் பெஞ்சில், சக்கர நாற்காலியில் ஒருவரும் வாக்கரோடு ஒருவரும் இருந்தார்கள். ஃபாதருக்கும் முழங்கால் வலி. அவர் போய்ச் சேரவே நேரமாகும்.

ஆரோக்கியநாதன் அங்கிளின் விரல் பட்டனைத் தொட்டது.

டீனா ஃபாதரின் நடையைப் பார்த்தாள். இறங்க இருந்தவள் இறங்கவில்லை. அவர் காலை இழுத்து இழுத்து வைக்கிற வேகத்துக்கு டியைத் தட்டினாள். மேலே பியை வாசித்தாள். ஜன்னல் திறந்தது. அங்கேயே உலாவினாள். திரும்பி ஈக்கு வரும்போது விரல் ஒரு ஃப்ரெட் பின்னால் விழுந்துவிட்டது. ஈ பிளாட். டிக்கு ஒட்டி, கறுப்பாக, அந்த மோடிலேயே இல்லாத சுரம். பாடுகிறவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

நிறுத்தினால் பட்டன் தட்டப்படும். டீனா அந்தச் சுரத்தைவிட்டு ஓடவில்லை. அதையே இன்னொரு முறை, இந்த முறை வேண்டுமென்றே, சற்று அழுத்தி வாசித்தாள். கீழே டி இருந்தது. அதன்மேல் ஈ பிளாட் ஒரு பழைய துக்கம் மாதிரி நின்றது. அதற்கு ஃப்ரிஜியன் என்று பெயர் என்பது அவளுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. இறங்கி டிக்கு வந்தாள், மறுபடி அந்தக் கறுப்புக்குப் போனாள், மறுபடி வந்தாள். பின்பெஞ்சில் வாக்கர்க்காரர் "ஆமென்" என்றது அங்கே வரைக்கும் கேட்டது. ஃபாதர் திரும்பி நடந்து வர ஆரம்பித்ததும் டீனா ஈயைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். பிறகு பியைத் தொட்டாள். எல்லாம் மெல்ல வெளுத்தது.

பேழை பூட்டப்பட்டது. கிண்ணம் துடைக்கப்பட்டது. ஃபாதர் உட்கார்ந்தார். டீனா ஏயில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, நடந்து, டிக்கு வந்தாள்.

அடுத்து நன்றிப் பாட்டு. எப்போதும் ஆரோக்கியநாதன் அங்கிள் கீபோர்டில் ஒரு சுரத்தைத் தட்டி, தொண்டையைச் செருமி, அதற்குப் பிறகுதான் எடுத்துக் கொடுப்பார். அன்று அவர் எதையும் தட்டவில்லை. கிட்டாரின் டி இன்னும் அடங்காமல் இருந்தது. அதிலிருந்தே பாட்டை எடுத்தார். எல்லோரும் கூடவே எழுந்தார்கள். டீனா கார்டு போட ஆரம்பித்தாள்.

பூசை முடிந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியநாதன் அங்கிள் ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

"நடுவுல ஒரு இடம் கறுப்பா வந்துச்சே, அது எந்தப் பாட்டு?"

"பாட்டு இல்ல அங்கிள். விரல் தப்பா விழுந்துடுச்சு."

"தப்புன்னா ஏன் திரும்பத் திரும்ப அதையே வாசிச்ச?"

"ஒரு தடவை மட்டும் வாசிச்சா தப்பு மாதிரி இருந்துச்சு அங்கிள்."

அவர் ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சிரிப்பு முதலில் தோளில்தான் வந்தது. "ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தப்ப இந்த யோசனை எனக்கு வந்திருந்தா எவ்ளோ மெமோ தப்பியிருக்கும்," என்றார். பிறகு கீபோர்டிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார். "மரியாயின் சேனைக்காரங்க ஜெபக் கூட்டத்துக்குக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்குக் குடுத்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் அதிகமா இருக்குமே அங்கிள். அன்னைக்கும் சரியா வரும்னு சொல்ல முடியாது."

"வராட்டி என்ன, கொஞ்சம் அமைதியா இருக்கும். பூசையில அமைதி இருந்தா யாரும் கேஸ் போட மாட்டாங்க." அவர் ஜன்னல் ஒன்றைச் சாத்தினார். "திருவருகைக்காலப் பாட்டு பூரா வேற சுருதி. முதல் பாட்டு ஈ மைனர். உனக்குத் தெரியாதுல்ல? இரு."

அரை இருட்டில் அவர் அந்தப் பாட்டின் முதல் அடியை மெதுவாக முனகினார். டீனா பைக்குள் பாதி போயிருந்த கிட்டாரை வெளியே எடுத்து, அருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவர் போகிற வழியைக் கேட்டுக்கொண்டே கம்பியில் தேட ஆரம்பித்தாள்.